டிரம்ப் வழக்குகளைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொனால்ட் டிரம்ப் பேச்சை எடுத்தாலே கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. "இத்தனை வழக்கு இருந்த ஆள் எப்படி அதிபரானார்?" என்பார் ஒருவர். "எல்லாம் பழிவாங்கப் போட்ட கேஸ், ஒன்றாவது நின்றதா?" என்பார் அடுத்தவர். கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால், முதலாமவர் மனதில் இருப்பது நியூயார்க் வழக்கு, இரண்டாமவர் சொல்வது ஃபுளோரிடா வழக்கு என்று புரியும். இருவரும் மணிக்கணக்காக வாதாடிக் கோபத்தோடு எழுந்து போவதுதான் மிச்சம்.

நாட்டின் அதிபர் சட்டத்துக்கு எந்த அளவு கட்டுப்பட்டவர் என்பது பெரிய கேள்வி. அதை அரைகுறைத் தகவலோடு பேசுவது அவரை ஆதரிப்பவருக்கும் நல்லதில்லை, எதிர்ப்பவருக்கும் நல்லதில்லை. எந்த வழக்கு, எந்த மன்றத்தில், எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகுதான் கருத்துக்கே வேலை. இந்த மூன்றில் ஒன்று குழம்பும்போதுதான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன.

நாடாளுமன்றக் குற்றச்சாட்டையும் பதவி பறிப்பையும் ஒன்றாக்குவது

"டிரம்பை இரண்டு முறை பதவி நீக்கம் செய்தார்கள்" என்று இன்றும் எழுதுகிறார்கள். அப்படி நடக்கவே இல்லை. அமெரிக்காவில் இது இரண்டு படிகள். பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் அதிபர் மீது குற்றம் சாட்டலாம். அப்புறம் செனட் விசாரித்து, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஆமோதித்தால்தான் பதவி போகும். டிரம்ப் விஷயத்தில் முதல் படியை இரண்டு முறை ஏறினார்கள்: போட்டியாளர் பைடனை விசாரிக்கச் சொல்லி உக்ரைனை நெருக்கியதாக எழுந்த விவகாரத்தில் 2019 டிசம்பரில், அவருடைய ஆதரவாளர்கள் நடத்திய நாடாளுமன்றக் கட்டடத் தாக்குதலுக்குப் பிறகு 2021 ஜனவரியில். இரண்டாவது படியில் இரண்டு முறையும் செனட் அவரை விடுவித்தது.

2021 வாக்கெடுப்பில் 57 பேர் அவருக்கு எதிராகவும் 43 பேர் ஆதரவாகவும் வாக்களித்தார்கள். பெரும்பான்மை எதிராக இருந்தும் 67 கிடைக்கவில்லை. அந்த 43 பேரில் ஒருவர், டிரம்பின் குடியரசுக் கட்சியின் அன்றைய செனட் தலைவர் மிட்ச் மெக்கானல். பதவியை விட்டுப் போனவரை செனட் விசாரிக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் அதே நாள் அதே அவையில், தாக்குதலுக்கு டிரம்ப்தான் பொறுப்பு என்றும் பேசினார். "செனட்டே நிரபராதி என்று சொல்லிவிட்டது" என்று முடிப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

பில் கிளிண்டன் கதையும் இப்படித்தான். 1998 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை அவர் மீது குற்றம் சாட்டியது, 1999 பிப்ரவரியில் செனட் விடுவித்தது, அவர் பதவிக்காலத்தை முழுதாக முடித்தார். அந்தக் குற்றச்சாட்டும் வெள்ளை மாளிகைப் பயிற்சிப் பணியாளர் மோனிகா லெவின்ஸ்கியுடனான உறவுக்காக வந்ததில்லை. சத்தியப் பிரமாணத்தின் மேல் பொய் சொன்னார், நீதி விசாரணைக்கு இடையூறு செய்தார் என்ற இரண்டுக்காக வந்தது. வாட்டர்கேட் ஊழலில் சிக்கிய அதிபர் ரிச்சர்ட் நிக்சன் மீதான குற்றச்சாட்டுக்கோ சபை வாக்களிக்கவே இல்லை. அதற்கு முன்பே, 1974 ஆகஸ்டில், ராஜினாமா செய்துவிட்டார்.

34 என்ற எண்ணை வைத்துக்கொண்டு பேசுவது

2024 மே 30 அன்று நியூயார்க்கில் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த 12 பேர் கொண்ட ஜூரி டிரம்பை 34 குற்றங்களிலும் குற்றவாளி என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அமெரிக்க அதிபராக இருந்த ஒருவர் கிரிமினல் வழக்கில் குற்றவாளி என்று முடிவானது அதுவே முதல் முறை. அன்றிலிருந்து "34 குற்றம் செய்தவர்" என்ற பேச்சு ஓடுகிறது. கேட்பவருக்கு 34 தனித்தனிச் சம்பவங்கள் என்று தோன்றும். உண்மையில் அது ஒரே பணப் பரிவர்த்தனையின் காகிதங்கள்.

2016 தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, டிரம்புடன் உறவு இருந்ததாகச் சொன்ன ஆபாசப்பட நடிகை ஸ்டார்மி டேனியல்ஸ் அதை வெளியே பேசாமல் இருக்க, டிரம்பின் வக்கீல் மைக்கேல் கோஹன் தன் கையிலிருந்து 1,30,000 டாலர் கொடுத்தார். உறவே இல்லை என்கிறார் டிரம்ப். வழக்கு அந்த உறவைப் பற்றியதும் இல்லை, அந்தப் பணம் கோஹனுக்குத் திரும்பி வந்த விதத்தைப் பற்றியது. டிரம்ப் நிறுவனத்தின் நிதி அதிகாரி ஆலன் வைசல்பெர்க், கோஹனின் வங்கிக் கணக்கு அறிக்கை ஒன்றின் மேலேயே கையால் கணக்குப் போட்டிருந்தார். 1,30,000, இன்னொரு செலவுக்கு 50,000, மொத்தம் 1,80,000. வருமான வரி போக முழுத்தொகையும் கையில் கிடைக்க அதை இரட்டிப்பாக்கி 3,60,000. மேலே போனஸ் 60,000. ஆக 4,20,000. இதைப் பன்னிரண்டால் வகுத்து, 2017 முழுக்க மாதம் 35,000 டாலர் போனது. காகிதத்தில் எழுதியது வக்கீல் கட்டணம் என்று.

இதில் கோஹன் அனுப்பிய பில்கள் 11, கணக்குப் புத்தகப் பதிவுகள் 12, செக்குகள் 11. கூட்டினால் 34. முதல் செக் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து 70,000 என்பதால் செக் ஒன்று குறைகிறது. அந்த 11 செக்குகளில் ஒன்பதில் டிரம்ப் கையெழுத்து இருக்கிறது. அவர் அப்போது வெள்ளை மாளிகையில் இருந்தார்.

எதிர்ப்பவர்கள் செய்யும் தவறு எண்ணைப் பெரிதாக்குவது. ஆதரிப்பவர்கள் செய்யும் தவறு, "வெறும் கணக்கெழுதும் பிழை" என்று ஒதுக்குவது. கணக்கைப் பொய்யாக எழுதுவது நியூயார்க்கில் சாதாரணமாகச் சிறு குற்றம். இன்னொரு குற்றத்தை மறைக்கவோ செய்யவோ அப்படி எழுதினால் பெரிய குற்றம். இங்கே அந்த இன்னொரு குற்றம், சட்டவிரோத வழியில் தேர்தலைப் பாதிக்கச் சதி செய்தது என்றார் அரசுத் தரப்பு வக்கீல் ஆல்வின் பிராக். இந்த இணைப்பு சட்டப்படி நிற்குமா என்பது நேர்மையான கேள்வி. டிரம்பைப் பிடிக்காத சட்ட அறிஞர்களிலேயே சிலர் அதைக் கேட்டிருக்கிறார்கள். சட்டவிரோத வழி எது என்பதில் ஜூரியினர் எல்லோரும் ஒத்துப்போகத் தேவையில்லை என்று நீதிபதி உவான் மெர்ச்சன் சொன்னதும் விவாதத்துக்குரியதுதான்.

ஆனால் "சட்டம் இதற்குப் பொருந்துமா?" என்பது ஒரு கேள்வி, "அவர் செய்தாரா?" என்பது வேறு கேள்வி. முதலாவதை எழுப்பி இரண்டாவதுக்குப் பதில் சொல்லிவிட்டதாக நினைப்பதுதான் இந்த வழக்கைப் பற்றிய விவாதங்களில் நான் பார்க்கும் மிகப் பெரிய ஓட்டை.

சிவில் தீர்ப்பையும் கிரிமினல் தீர்ப்பையும் குழப்புவது

எழுத்தாளர் ஈ. ஜீன் கேரல் தொடுத்த வழக்கு சிவில் வழக்கு. 1990களில் நியூயார்க் கடை ஒன்றில் டிரம்ப் தன்னைப் பாலியல் ரீதியாகத் தாக்கினார் என்பது அவர் புகார். 2023 மே மாதம் ஒன்பது பேர் ஜூரி, பாலியல் அத்துமீறலுக்கும் அவதூறுக்கும் டிரம்ப் பொறுப்பு என்று சொல்லி 50 லட்சம் டாலர் நஷ்டஈடு விதித்தது. நியூயார்க் குற்றவியல் சட்டம் சொல்லும் பொருளில் வன்புணர்வு நிரூபிக்கப்படவில்லை என்றும் அதே ஜூரி சொன்னது. பிறகு இன்னொரு ஜூரி அவதூறுக்காக மட்டும் 8.33 கோடி டாலர் விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையும் உறுதி செய்திருக்கிறது.

சிவில் வழக்கில் ஜெயில் கிடையாது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஜூரி நம்பினால் போதும். ஆகவே "டிரம்ப் வன்புணர்வு வழக்கில் தண்டிக்கப்பட்டவர்" என்று எழுதுவது பிழை. இந்தப் பிழைக்கு விலை உண்டு. ஏபிசி தொலைக்காட்சி நெறியாளர் ஜார்ஜ் ஸ்டெஃபனாபுலஸ் 2024இல் ஒரு பேட்டியில், வன்புணர்வுக்குப் பொறுப்பு என்று ஜூரி சொன்னதாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். டிரம்ப் அவதூறு வழக்குப் போட, அந்த ஆண்டு டிசம்பரில் ஏபிசி 1.5 கோடி டாலரை அவருடைய வருங்கால அதிபர் நினைவு நூலகத்துக்குத் தர ஒப்புக்கொண்டு வருத்தமும் தெரிவித்தது. அதற்காக "சிவில்தானே, ஒன்றுமே நிரூபணமாகவில்லை" என்று மறுபக்கம் சாய்வதும் சரியில்லை. ஒரு ஜூரி சாட்சியங்களைக் கேட்டு அந்தப் பெண் சொன்னதை நம்பியது. அதைச் சொல்லாமல் விடுவது அவருக்குச் செய்யும் அநீதி.

தள்ளுபடி என்றால் விடுதலை என்று நினைப்பது

நியூயார்க் வழக்கு தவிர மீதி மூன்று கிரிமினல் வழக்குகளும் ஜூரி முன்பு போகவே இல்லை. மூன்றும் மூன்று காரணத்தால் முடிந்தன.

பதவி முடிந்த பின்னும் அரசின் ரகசிய ஆவணங்களைத் தன் வீட்டில் வைத்திருந்தார் என்ற வழக்கை 2024 ஜூலையில் ஃபுளோரிடா நீதிபதி எய்லீன் கேனன் தள்ளுபடி செய்தார். சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித் நியமிக்கப்பட்ட விதமே செல்லாது என்பது காரணம். 2020 தேர்தல் முடிவை மாற்ற முயன்றதாக வாஷிங்டனில் இருந்த வழக்கு, பதவியில் இருக்கும் அதிபர் மீது வழக்கு நடத்துவதில்லை என்ற நீதித்துறை அமைச்சகத்தின் பழைய கொள்கையால் 2024 நவம்பரில் கைவிடப்பட்டது. அதே தேர்தல் முடிவை ஜார்ஜியா மாநிலத்தில் மாற்ற முயன்றதாக அங்கே போட்ட வழக்கில், அரசு வக்கீல் ஃபானி வில்லிஸ் தான் நியமித்த வழக்கறிஞருடன் உறவில் இருந்தது வெளியே வந்து, நீதிமன்றம் அவரையே வழக்கிலிருந்து விலக்கியது. பிறகு வந்தவர் தொடர விரும்பாததால் 2025 நவம்பரில் அதுவும் முடிந்தது. "எனக்கு 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க வேண்டும்" என்று டிரம்ப் ஜார்ஜியா தேர்தல் அதிகாரியிடம் தொலைபேசியில் பேசிய ஒலிப்பதிவு இந்த வழக்கின் மையம். அவர் அங்கே தோற்றது 11,779 வாக்குகளில். அந்தப் பேச்சு குற்றமா இல்லையா என்று எந்த ஜூரியும் சொல்லவில்லை.

எனவே இந்த மூன்றிலும் அவர் நிரபராதி என்று தீர்ப்பும் இல்லை, குற்றவாளி என்று தீர்ப்பும் இல்லை. குற்றப்பத்திரிகை என்பது ஒரு தரப்பு சொல்வது. விசாரணை நடந்திருந்தால் தண்டனை கிடைத்திருக்கும் என்று ஸ்மித் தன் அறிக்கையில் எழுதியதும் வழக்கு நடத்தியவரின் கருத்துதான்.

"பைடன் வீட்டிலும்தான் ஆவணம் இருந்தது" என்ற பதிலும் இங்கே தவறாமல் வரும். இருந்தது உண்மை. அதை விசாரித்த ராபர்ட் ஹர் வழக்குப் போடவில்லை. பைடன் தரப்பு தானாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தது. டிரம்ப் மீதான குற்றப்பத்திரிகையோ, சம்மன் வந்த பிறகும் ஆவணப் பெட்டிகளை இடம் மாற்றி மறைத்தார் என்பதை முக்கியமாகச் சொன்னது. ஒப்பிடுங்கள், ஆனால் முழுதாக ஒப்பிடுங்கள்.

நம் ஊர்ச் சட்டத்தை அங்கே பொருத்துவது

இந்தியாவில் இரண்டு ஆண்டு தண்டனை பெற்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி பதவி போகும். 2014இல் ஜெயலலிதா முதல்வர் பதவியை இழந்ததைப் பார்த்தவர்களுக்கு, தண்டிக்கப்பட்டவர் எப்படி தேர்தலில் நிற்கிறார் என்று தோன்றுவது இயல்பு. அமெரிக்க அரசமைப்பு அதிபர் வேட்பாளரிடம் கேட்பது பிறப்பால் குடிமகன், 35 வயது, 14 ஆண்டு வாசம், இவ்வளவுதான். 1920இல் யூஜின் டெப்ஸ் சிறையில் இருந்தபடியே போட்டியிட்டு ஒன்பது லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கினார். கிளர்ச்சியில் ஈடுபட்டவரைத் தடுக்கும் 14ஆவது திருத்தத்தைக் கொண்டு கொலராடோ மாநிலம் டிரம்பைத் தடுத்தபோது, 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அது மாநிலத்தின் வேலை இல்லை என்றது. அவர் கிளர்ச்சி செய்தாரா என்பதற்கு அது பதில் சொல்லவில்லை.

மன்னிப்பு அதிகாரத்திலும் இதே குழப்பம். அதிபரால் மத்தியச் சட்டக் குற்றங்களைத்தான் மன்னிக்க முடியும். 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே நாடாளுமன்றத் தாக்குதல் வழக்குகளில் சுமார் 1,500 பேரை டிரம்ப் மன்னித்தார். நியூயார்க் மாநில நீதிமன்றம் தந்த குற்றத் தீர்ப்பிலிருந்து தன்னையே அவரால் மன்னித்துக்கொள்ள முடியாது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒரே வரியில் சுருக்குவது

அதிபராக இருந்தபோது செய்தவற்றுக்காக ஒருவர் மீது கிரிமினல் வழக்குப் போடலாமா என்பது பற்றிய 2024 ஜூலை 1 தீர்ப்பைக் குறித்து "அதிபர் என்ன செய்தாலும் கேட்க முடியாது" என்றும், "டிரம்ப் மீது தப்பே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்றும் இரண்டு சுருக்கங்கள் சுற்றுகின்றன. 6-3 என்ற பெரும்பான்மை சொன்னது மூன்றடுக்கு. அரசமைப்பு அதிபருக்கே தந்த அடிப்படை அதிகாரங்களில் முழுப் பாதுகாப்பு. மற்ற அலுவல் செயல்களில் பாதுகாப்பு உண்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் அரசுத் தரப்பு அதை முறியடிக்கலாம். தனிப்பட்ட செயல்களில் பாதுகாப்பே இல்லை. எது அலுவல், எது தனிப்பட்டது என்ற கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் இனி எல்லாச் சண்டையும். என் பார்வையில் இந்தத் தீர்ப்பு அதிபருக்குத் தேவைக்கு மேல் இடம் கொடுக்கிறது. அப்படி நினைப்பவரும் அதில் இல்லாததை இருப்பதாகச் சொல்லக் கூடாது.

முதல் நாள் செய்தியோடு நின்றுவிடுவது

2023 மார்ச்சில் போலீஸார் டிரம்பை நடுத்தெருவில் மடக்கிப் பிடிப்பது போன்ற படங்கள் உலகம் முழுக்கப் பரவின. எல்லாம் செயற்கை நுண்ணறிவு வரைந்தவை. நியூயார்க்கில் அவரைக் கைதிப் படம் எடுக்கவே இல்லை. உண்மையான படம் அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று ஜார்ஜியாவின் ஃபுல்டன் கவுண்டி சிறையில் எடுத்தது. பழைய போலிகள் இன்னும் பகிரப்படுகின்றன.

தொகைகளும் அப்படித்தான். சொத்து மதிப்பை ஊதிக் காட்டியதற்காக 2024 பிப்ரவரியில் நியூயார்க் நீதிபதி ஆர்தர் எங்கோரன் டிரம்புக்குச் சுமார் 35.5 கோடி டாலர் விதித்தார், வட்டியோடு 45 கோடியைத் தாண்டியது. 2025 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தொகை மிகையானது என்று அபராதத்தை ரத்து செய்தது. மோசடி நடந்தது என்ற முடிவை ரத்து செய்யவில்லை. முதல் செய்தியை மட்டும் பகிர்ந்தவரும், இரண்டாவதின் முதல் பாதியை மட்டும் பகிர்ந்தவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

34 குற்றங்களுக்கான தண்டனை 2025 ஜனவரி 10 அன்று அறிவிக்கப்பட்டது. சிறை இல்லை, அபராதம் இல்லை, நன்னடத்தைக் கண்காணிப்பும் இல்லை. குற்றவாளி என்ற தீர்ப்பு மட்டும் நிற்கிறது. பத்து நாள் கழித்து அவர் அதிபராகப் பதவியேற்றார். அந்தத் தீர்ப்பை எதிர்த்து 2025 அக்டோபரில் அவருடைய வக்கீல்கள் மேல்முறையீடு செய்தார்கள். இந்த வழக்கை மத்திய நீதிமன்றத்துக்கு மாற்றும் கோரிக்கையை மறுபடி பரிசீலிக்கச் சொல்லி நவம்பரில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றமும் உத்தரவிட்டது.