விர்ஜின் தீவுகளில் குடும்பத்தோடு ஒரு வாரப் படகுப் பயணம்: மிதவையில் படகைக் கட்டுவது எப்படி?

கரீபியக் கடலில் உள்ள பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் படகை வாடகைக்கு எடுத்து, குழந்தைகளோடு ஒரு வாரம் சுற்ற நினைப்பவர்களுக்கான செய்முறை இது. விசா, விமான டிக்கெட் பற்றி இதில் எதுவும் இல்லை. பாய் ஏற்றி இறக்கப் பழகியவர்கள்கூடத் திணறுகிற இடம், இரவு தங்க மிதவையில் (கடலடியில் பிணைத்து நீர்மேல் மிதக்கவிட்ட பந்து) படகைக் கட்டுவது. அதனால் 3-ஆம் படிதான் நீளம்.

படி 1: மாதமும் படகும்

குழந்தைகளோடு போக ஏப்ரல், மே மாதங்கள் நல்லவை. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை 'கிறிஸ்துமஸ் காற்று' 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கி.மீ.) வரை வீசும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். 2017 செப்டம்பரில் இர்மா புயல் இந்தத் தீவுகளைச் சிதைத்தது.

இரட்டை உடல் கொண்ட 40 அடி கட்டமரானையே எடுங்கள். (பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது, படகு வேறு.) ஒற்றை உடல் படகு காற்றில் சாயும், அடுப்படியில் நிற்க முடியாது. குழந்தைகளின் எடையைச் சொல்லி, கால் இடுக்குப் பட்டை உள்ள உயிர்காப்பு அங்கிகளை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அனுபவம் குறைவென்றால் முதல் இரண்டு நாளுக்கு ஒரு கேப்டனை அமர்த்துங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

படி 2: பாதை

இங்கே பெரும்பாலும் கொண்டல்தான், அதாவது கிழக்கிலிருந்து வரும் காற்று. முக்கியத் தீவான டோர்டோலாவின் ரோட் டவுனிலிருந்து முதல் நாள் நார்மன் தீவு. மறுநாள் காலை 'இந்தியன்ஸ்' பாறைகளில் முகமூடி மாட்டி நீந்திவிட்டு, கூப்பர் தீவு. மூன்றாம் நாள் விர்ஜின் கோர்டாவின் 'பாத்ஸ்' பாறைக்குகைகள். இதுவரை எதிர்க்காற்று, ஆனால் தூரம் குறைவு. பிறகு காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே யோஸ்ட் வான் டைக். அனெகாடா தாழ்ந்த பவளத் தீவு, சுற்றிலும் பவளப்பாறை. முதல் பயணத்தில் வேண்டாம்.

படி 3: மிதவையில் கட்டுதல்

பிற்பகல் 2 மணிக்குள் குடாவுக்குள் போய்விடுங்கள். பிந்தினால் மிதவை கிடைக்காது.

முதல் வேலை, பின்னால் இழுத்து வரும் டிங்கியின் (கரைக்குப் போகும் சிறு படகு) கயிற்றைக் குட்டையாக்குவது. இதை மறந்தால், பின்னோக்கி எஞ்சின் கொடுத்த உடனே கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். எஞ்சின் நின்றுவிடும், படகு பக்கத்துப் படகின் மேல் போய் மோதும்.

அடுத்து, முன்புறம் இரண்டு பக்கக் கிளீட்டுகளிலும் (கயிறு கட்டும் கொம்புகள்) பக்கத்துக்கு ஒரு கயிறு, சுமார் 25 அடி, ஒரு முனையைக் கட்டி வையுங்கள். காற்றுக்கு நேர் எதிராக, நடை வேகத்திலும் குறைவாக நெருங்குங்கள். கடைசிச் சில அடிகளில் ஓட்டுபவருக்கு மிதவை தெரியாது. முன்னால் நிற்பவர் கொக்கிக் கழியால் மிதவையைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சின் சத்தத்தில் கத்துவது கேட்காது, கைச்சைகைதான்.

மிதவையிலிருந்து வரும் கயிற்றின் கண்ணை, அதாவது நுனி வளையத்தை, கழியால் தூக்குங்கள். இடது கயிற்றைக் கண்ணுக்குள் நுழைத்து இடது கிளீட்டுக்கே திருப்பிக் கட்டுங்கள். வலது கயிறு வலது கிளீட்டுக்கு. ஒரே கயிற்றை இடமிருந்து வலமாக ஓட்டினால், இரவெல்லாம் படகு அசையும்போது கண்ணுக்குள் அது ரம்பம்போல உரசி அறுந்துவிடும்.

தவறிவிட்டால் கழியை விட்டுவிட்டு இன்னொரு சுற்று வாருங்கள். பத்து டன் அளவுள்ள படகைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. கட்டி முடித்ததும் ஒருவர் நீச்சல் கண்ணாடி மாட்டி நீரில் இறங்கி, அடியில் சங்கிலியும் இணைப்பும் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: கரையில்

பாத்ஸில் டிங்கியை மணலில் ஏற்றக் கூடாது. அதற்கான மிதவைக் கயிற்றில் கட்டிவிட்டு நீந்திப் போக வேண்டும். நீந்தத் தெரியாத பிள்ளைகள் இருந்தால் தரைவழியாக டாக்சியில் போவது மேல்.

கரையோரம் மஞ்சினீல் மரம் இருக்கும். சிறிய பச்சை ஆப்பிள்போல் காய். கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும், மரத்தின் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்குக்கூட அதன் கீழ் ஒதுங்க விடாதீர்கள்.

பிறகு சேர்த்தது: தேசியப் பூங்கா இடங்களில் உள்ள மிதவைகளின் நிறம் பலரைக் குழப்புகிறது. நீலம் டிங்கிக்கு மட்டும். மஞ்சள் வணிகப் படகுகளுக்கு. பூங்கா மிதவை எதிலும் இரவு தங்கக் கூடாது.