சந்தியில் இருந்து எழுதும் எரிபொருள் கணக்கு

எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் காபன் குறைந்த போக்குவரத்து என்று பேச்செடுத்ததும் எல்லோருடைய நினைப்பும் மின்சார ஆட்டோவுக்குத்தான் போனது. அதை முதலில் தொடாதீர்கள். ஒரு கொப்பியோடு சந்திக்குப் போங்கள்.

நான் கல்முனை–மட்டக்களப்பு வீதியிலுள்ள பெரியகல்லாறு பஸ் தரிப்பிடத்தில் காலை 5.30இலிருந்து 8.30 வரை ஒரு கிழமை இருந்தேன். வண்டிகளை எண்ணினால் போதாது, ஆட்களை எண்ண வேண்டும். கொப்பியில் இடப்பக்கம் வண்டி, வலப்பக்கம் உள்ளே எத்தனை பேர். மூன்றாம் நாள், மீன்கூடையோடு நின்ற பெரியம்மா ஒருவர் "என்ன மனே எழுதுறாய்?" என்று கேட்டார். விளங்கப்படுத்தினேன். கூடையை பஸ்ஸில் ஏற்ற விடுவதில்லை, அதனால்தான் தினமும் ஆட்டோ என்றார். அன்றிலிருந்து "ஏன் இதில் போகிறீர்கள்?" என்றொரு நிரலும் போட்டேன். நீங்கள் முதல் நாளே போடுங்கள். திட்டத்துக்கு வேண்டிய பாதி விஷயம் அந்த நிரலில்தான் கிடைக்கும்.

அப்புறம் கணக்கு. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு லீற்றரின் அருமை தெரியும். பெற்றோல் 1 லீற்றர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வரும், டீசல் என்றால் 2.7 கிலோ. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 40 கி.மீ. லீற்றருக்கு 4 கி.மீ. ஓடும் பஸ் 10 லீற்றர் குடிக்கும். மொத்தம் 27 கிலோ. 50 பேர் இருந்தால் ஆளுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல். 10 பேர்தான் என்றால் ஆளுக்கு 2.7 கிலோ. லீற்றருக்கு 45 கி.மீ. ஓடும் மோட்டார்சைக்கிளில் தனியாகப் போகிறவருக்கோ 2 கிலோதான்.

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பஸ் வந்து, பின்னது வெறுமையாக ஓடுவதை என் கொப்பியில் பல தடவை குறித்திருக்கிறேன். ஆகவே திட்டத்தின் முதல் வரி நேரஅட்டவணையாகவும் இரண்டாவது வரி கூடை வைக்க இடமாகவும் இருக்கட்டும். இரண்டுக்கும் பெரிய செலவில்லை. கொப்பியைப் பிரதேச செயலகத்துக்கும் டிப்போவுக்கும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சரி, இனி மின்சார ஆட்டோ. 100 கி.மீ. ஓட 8 யூனிட் என்று வையுங்கள். இரவில் சார்ஜ் போட்டால் நுரைச்சோலை மின்நிலையத்தில் எரியும் நிலக்கரியும் அதில் சேரும். பகலில், கூரைச் சோலாரில் போடுவதே நல்லது. 1 கிலோவாற் சோலார் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், அது 50 கி.மீ. ஓட்டத்துக்குக் காணும். ஆனால் கார்த்திகை, மார்கழியில் நம் பக்கம் வானம் மூடிக் கிடக்கும். அந்த இரண்டு மாதத்துக்கும் தனிக் கணக்குப் போட்டு, மழைநாளில் எந்த நேரம் எங்கே சார்ஜ் போடுவது என்று இப்போதே எழுதி வையுங்கள்.