கீட்டோவிலிருந்து வீகனுக்கு: எடை குறைப்பைக் கைவிடாமல் மாறும் மூன்று வாரம்

மாவுச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் கீட்டோவில் சில மாதம் இருந்து எடை குறைத்துவிட்டு, பால், முட்டை, இறைச்சி எதுவும் இல்லாத, கொழுப்பும் குறைவான வீகன் உணவுக்கு மாறுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். ஒன்று, இரண்டு முறைகளின் சலுகைகளையும் சேர்த்து அனுபவிப்பது. சோறு தட்டுக்குத் திரும்பிவிடும். கைநிறைய கொட்டைகளும் தாராளமான எண்ணெயும் போகாது. எடை ஏறும். இன்னொன்று, இரண்டு முறைகளின் தடைகளையும் சேர்த்துச் சுமப்பது. மாவுச்சத்தின் மேல் பயம் தீரவில்லை, கொழுப்பையும் விட்டாயிற்று, முட்டையும் மீனும் கிடையாது. தட்டில் மிஞ்சுவது காய்கறி மட்டும். அப்போது எடை வேகமாகத்தான் இறங்கும். ஆனால் தசையும் சேர்ந்து கரையும், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும், ஒருநாள் பசி கட்டுக்கடங்காமல் போகும்.

இரண்டுக்கும் மருந்து ஒரே கணக்கு: ஒன்று உள்ளே வரும் அதே நாளில், அதே கலோரிக்கு இன்னொன்று வெளியே போக வேண்டும்.

மாறுவதற்கு முன் நான்கு நாள், அதில் ஒரு விடுமுறை நாளும் இருக்கட்டும், இப்போது சாப்பிடுவதை எடைபோட்டு எழுதுங்கள். கீட்டோவில் பலர் மாவுச்சத்தை மட்டுமே எண்ணிப் பழகியிருப்பார்கள்; எண்ணெயை அளந்திருக்கவே மாட்டார்கள். அளவு தெரியாத ஒன்றை எப்படிக் குறைப்பது?

75 கிலோ எடையுள்ள ஒருவர் நாளுக்கு 1600 கலோரி சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கீட்டோவில் அது ஏறக்குறைய 30 கிராம் மாவுச்சத்து, 100 கிராம் புரதம், 120 கிராம் கொழுப்பு. போய்ச் சேர வேண்டிய இடம் 210 கிராம் மாவுச்சத்து, அதே 100 கிராம் புரதம், 40 கிராம் கொழுப்பு. மொத்தக் கலோரி மாறவில்லை. வாரத்துக்கு 60 கிராம் மாவுச்சத்தை ஏற்றி, 27 கிராம் கொழுப்பை இறக்கினால் மூன்று வாரத்தில் போய்ச் சேரலாம். மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. அதனால் 9 கிராம் மாவுச்சத்துக்கு 4 கிராம் கொழுப்பு ஈடு. சமையலறைக் கணக்கில் சொன்னால், 10 கிராம் மாவுச்சத்து சேரும்போது ஒரு தேக்கரண்டி எண்ணெய் போக வேண்டும்.

முதல் வாரத்துக்கு இது நன்றாக ஒத்துவரும்: 100 கிராம் சோறும் 150 கிராம் வெந்த பருப்பும் சேருங்கள். ஏறக்குறைய 58 கிராம் மாவுச்சத்து, 300 கலோரி. கூடவே பருப்பிலிருந்து 13 கிராம் புரதம் வருவதால் இரண்டு முட்டையை விட்டுவிடலாம். அவற்றோடு 10 கிராம் கொழுப்பும் போய்விடும். மீதி 17 கிராமுக்குச் சமையல் எண்ணெயில் நான்கு தேக்கரண்டி குறைத்தால் சரியாகிவிடும். இரண்டாம் வாரம் பாலாடைக்கட்டி, க்ரீம், வெண்ணெய் விலகட்டும். மூன்றாம் வாரம் இறைச்சியும் மீனும். எல்லாவற்றையும் முதல் நாளே நிறுத்துகிறவர்களுக்குப் புரதம்தான் முதலில் விழும்.

புரதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எடை குறைக்கும்போது தசையைக் காக்க, கிலோவுக்கு 1.2 கிராமாவது தேவை. இவருக்கு 90 கிராம். வெந்த பருப்பு 100 கிராமில் 9 கிராம் புரதமும் 20 கிராம் மாவுச்சத்தும் இருக்கின்றன. அதாவது முழுப் புரதத்தையும் பருப்பிலேயே எடுக்க ஒரு கிலோ வெந்த பருப்பு சாப்பிட வேண்டும். அதிலேயே 200 கிராம் மாவுச்சத்து தீர்ந்துவிடும். ஆகவே சோயா இல்லாமல் இந்தக் கணக்கு உட்காராது. வெந்த பருப்பு அல்லது கடலை வகை 400 கிராம், உலர்ந்த சோயா உருண்டை 50 கிராம், கெட்டியான டோஃபு (சோயாப் பால் கட்டி) 150 கிராம், சோறு 250 கிராம், காய்கள், ஒரு பழம் என்று வைத்தால் 90 கிராமைத் தொட்டுவிடலாம். சோயா ஒத்துக்கொள்ளாதவர்கள் பட்டாணிப் புரதப் பொடியை நாட வேண்டியிருக்கும்.

இதன் பக்கவிளைவு நார்ச்சத்து. கீட்டோவில் பலருக்கு 10, 15 கிராம்தான் கிடைத்திருக்கும். இந்தத் தட்டில் 40 கிராமைத் தாண்டும். வயிறு உப்புவதற்குப் பருப்பைக் குற்றம் சொல்வார்கள், உண்மையில் குற்றம் அவசரத்தில். முதல் மூன்று நாள் 75 கிராம் வெந்த பருப்போடு நிறுத்தி, பிறகு 150-க்குப் போங்கள். அந்த மூன்று நாளும் ஒரு முட்டையை வைத்துக்கொள்ளலாம். கடலை வகைகளை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மசியும்வரை வேகவையுங்கள். வாயு உண்டாக்கும் சர்க்கரைகள் ஊறிய நீரில் கொஞ்சம் இறங்கிவிடும். தண்ணீரையும் கூட்டிக் குடிக்காவிட்டால் மலச்சிக்கல்தான் மிச்சம்.

இனி எடை இயந்திரம். முதல் வாரத்தில் 1 முதல் 2 கிலோ ஏறும். பலர் கைவிடுவது அன்றைக்குத்தான். மாவுச்சத்து திரும்பியதும் ஈரலும் தசையும் கிளைக்கோஜனை, அதாவது சேமிப்புச் சர்க்கரையை, நிரப்பிக்கொள்கின்றன. ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. கீட்டோ தொடங்கிய வாரத்தில் 'மாயமாய்' இறங்கிய அதே எடைதான் இது. ஒரு கிலோ உடல் கொழுப்பு சேர 7700 கலோரி அளவுக்கு மிகை வேண்டும். கலோரி மாறாதபோது அது ஒரு வாரத்தில் நடக்காது. காலையில், ஒரே நேரத்தில் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பளவும் எடுங்கள். மூன்றாம் வாரத்துக்குப் பிறகும் சராசரி ஏறி, இடுப்பும் ஏறினால் எண்ணெயும் கொட்டைகளும் இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

கீட்டோவில் உப்புத் தண்ணீரோ எலக்ட்ரோலைட் (தாது உப்பு) பொடியோ குடித்துக்கொண்டிருந்தால், சோறு வந்த நாளிலேயே நிறுத்துங்கள். கீட்டோவில் இன்சுலின் குறைவாக இருந்ததால் சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தது, இப்போது பிடித்துவைக்கும். பழைய உப்பு தொடர்ந்தால் கணுக்கால் வீங்கும், ரத்த அழுத்தமும் கூடலாம்.

கொழுப்பைக் குறைக்கிறோம் என்று 30 கிராமுக்குக் கீழே இறங்க வேண்டாம். பித்தப்பை சரியாகச் சுருங்க ஒரு வேளையாவது 10 கிராம் அளவுக்குக் கொழுப்பு வேண்டும். கொழுப்பே இல்லாமல் வாரத்துக்கு 1.5 கிலோவுக்கு மேல் இறங்குகிறவர்களுக்குப் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைக்காது. தேவை நாளுக்கு 2.4 மைக்ரோகிராம்தான் என்றாலும் மாத்திரையாக எடுத்தே ஆக வேண்டும். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் நெடுநாளாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்கெனவே பி12 குறைந்திருக்கலாம், முதலில் பரிசோதியுங்கள். பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர, சாப்பாட்டோடு எலுமிச்சை போன்ற புளிப்புப் பழம் உதவும்; தேநீரைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

சர்க்கரைப் பரிசோதனையை முதல் வாரத்தில் செய்து பயந்துவிடாதீர்கள். நெடுநாள் கொழுப்பையே எரித்த உடல், திடீரென வரும் சர்க்கரையைக் கையாளச் சில நாள் எடுத்துக்கொள்ளும். குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனைக்கு முன் மூன்று நாளாவது தினம் 150 கிராம் மாவுச்சத்து சாப்பிடச் சொல்வது இதனால்தான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் நிலை வேறு: கீட்டோவுக்காகக் குறைத்த இன்சுலின், மாத்திரை அளவுகளை மருத்துவர் மறுபடி பார்க்காமல் முதல் கரண்டி சோறுகூடக் கூடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையின் அளவைத் திடீரென மாற்றினால் ரத்தம் உறையும் அளவு மாறிவிடும். சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், பாலூட்டல், முன்பு உணவுப் பழக்கக் கோளாறு இருந்தவர்கள் என யாரும் இதைத் தனியாகச் செய்யக் கூடாது.

எதிர்த்திசையில், வீகனிலிருந்து கீட்டோவுக்குப் போகிறவர்களுக்கும் அதே 9-க்கு 4 கணக்குதான். ஆபத்துகள் மட்டும் இடம் மாறும். முதல் வாரத்தில் தலைவலியும் சோர்வும் வரும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்கள் நாளுக்கு அரைத் தேக்கரண்டி உப்பைச் சூப்பில் கூட்டினால் பெரும்பாலும் அடங்கும். இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரையோ அளவு குறைக்காமல் தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகளோடு கீட்டோ சேர்ந்தால், சர்க்கரை அதிகம் ஏறாமலேயே, ரத்தம் ஆபத்தான அளவுக்கு அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் தெரிந்தால் மீட்டரில் எண் நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.