பாலத்தில் சூடாகிறதா, மலையில் சூடாகிறதா?

என்னுடையது 1994-ஆம் ஆண்டு மிட்சுபிஷி பஜேரோ ஜீப். 2477 சிசி, 4டி56 டீசல் இஞ்சின். வீடு பினாங்குத் தீவில் ரெலாவில், வேலை கடலுக்கு அந்தப் பக்கம் பிறையில். அதனால் வார நாட்களில் பினாங்குப் பாலத்து நெரிசல். டுரியான் பருவம் வந்துவிட்டால் வாரக் கடைசியில் துன் சார்டோன் சாலையில் ஏறி இறங்கி, பாலிக் பூலாவில் இருக்கும் மைத்துனர் தோட்டத்துக்கு. அங்கே கடைசி ஒரு கிலோமீட்டர் செம்மண் பாதை. லோ கியர் போடாமல் ஏற முடியாது.

இந்த இஞ்சினில் பிளாக் என்ற அடிப்பாகம் வார்ப்பிரும்பு, அதன் மேல் மூடியான ஹெட் அலுமினியம். ஒரே ஒரு தடவை அளவுக்கு மீறிச் சூடேறினாலும் ஹெட் வளைந்துவிடலாம், வால்வுகளுக்கு நடுவே விரிசல் விடலாம். அதனால் டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தை விட்டு ஒரு விரல்கடை நகர்ந்தாலே நான் விசாரிக்க ஆரம்பித்துவிடுவேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த முள் நகர்ந்தபோது நான் விசாரிக்கவில்லை. நேராக ஒரு வர்க்‌ஷாப்புக்குப் போனேன். போமன், அதாவது மெக்கானிக், வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரேடியேட்டர் போச்சு" என்றார். புது ரேடியேட்டர் 650 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு வாரம் கழித்து, மாலை ஆறு மணி நெரிசலில் பாலத்தின் நடுவில் முள் மறுபடி ஏறியது. கோளாறு, ஃபேனைப் பிடித்துச் சுழற்றும் ஃபேன் கிளச்சில். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை: வண்டி எப்போது சூடாகிறது?

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. நெரிசலில் நிற்கும்போது ஏறி, 80 கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் இறங்கினால் காற்று இழுக்கும் பக்கத்தில் கோளாறு. நெரிசலில் ஒன்றுமில்லை, மேட்டிலோ நெடுஞ்சாலையிலோ ஏறுகிறது என்றால் ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடுவதில், அல்லது ரேடியேட்டர் ஊடாகக் காற்று போவதில் கோளாறு. காலையில் கிளப்பிச் சில நிமிடங்களுக்குள் ஏறினால் தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு), இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் தகடு). லோ கியரில் செம்மண் மேடு ஏறும்போது மட்டும் இந்தக் கணக்கு உதவாது. இஞ்சின் முக்குகிறது, எதிர்காற்றும் கிடையாது. அங்கே எல்லாமே சரியாக இருந்தாக வேண்டும்.

சாமான் வாங்கும் முன் முள் சொல்வது உண்மையா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் எர்த் கம்பி துருப்பிடித்தால் முள் இஷ்டத்துக்கு ஆடும். டீசல் அளவு காட்டும் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே ஏறினால் மின்சாரக் கோளாறாகத்தான் இருக்கும். நான் ஐம்பது வெள்ளிக்கு ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். தெர்மோஸ்டாட் மூடியின் மேல் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, அதைக் குறிபார்த்து அளக்கிறேன். பளபளக்கும் அலுமினியத்தை நேராக அளந்தால் குறைத்துக் காட்டும். என் வண்டி நல்ல நிலையில் 85 முதல் 90 டிகிரி வரை காட்டும்.

சரி, பாலத்தில் சூடாகிற வண்டியை எடுத்துக்கொள்வோம். முதலில் ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே பிளாஸ்டிக் கூண்டு இருக்கிறதா பாருங்கள். வேலை செய்ய இடைஞ்சல் என்று அதைக் கழற்றிவிட்டு, திருப்பி மாட்டாமலே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூண்டு இல்லையென்றால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல், பக்கவாட்டில் இருக்கும் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்பதையும் அப்படியே விரலால் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஃபேன் கிளச். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஃபேன் நடுவில் இருக்கும் அந்த வட்ட டப்பாவுக்குள் கெட்டியான சிலிக்கான் எண்ணெய் இருக்கிறது. முன்பக்கத்தில் சுருள் மாதிரி ஒரு உலோகப் பட்டை. ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானால் பட்டை விரிந்து உள்ளே வழியைத் திறக்கும், எண்ணெய் பாய்ந்து ஃபேனைக் கப்பியோடு பிடித்துக்கொள்ளும். எண்ணெய் கசிந்துவிட்டால் ஃபேன் சுற்றும், ஆனால் பிடி இருக்காது. சுற்றுகிறதே என்று நாம் ஏமாந்துவிடுவோம். நான் ஏமாந்தது அதில்தான்.

சோதனை மூன்று. காலையில் குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பியதும் சில விநாடி "ஹோ" என்று ஃபேன் இரைந்து, அப்புறம் அடங்க வேண்டும். இரண்டாவது, டப்பாவின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கறுப்பாகப் புழுதி ஒட்டிய எண்ணெய்க் கோடுகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்றாவது, நன்றாக ஓட்டிவிட்டு வந்து, இஞ்சினை நிறுத்தி, சாவியையும் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுழற்றுங்கள். கெட்டித் தேனுக்குள் கரண்டியைத் திருப்புகிற மாதிரி எதிர்ப்புத் தெரிய வேண்டும். என் பழைய கிளச் தட்டிவிட்டதும் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நின்றது. ஓடுகிற இஞ்சினில் செய்தித்தாளைச் சுருட்டி விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாற்றுக் கிளச் எனக்கு 180 வெள்ளி ஆனது.

மலையில் சூடாகிற வண்டிக்கு வருவோம். காட்டுப் பாதையில் போகும் ஜீப்பில் முதல் சந்தேகம் சேறுதான். முன்னாலிருந்து பார்த்தால் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏர்கோன் கண்டென்சர்தான் தெரியும். அது சுத்தமாக இருந்தால் எல்லாம் சுத்தம் என்று நினைத்துவிடுகிறோம். போன வருஷம் பக்கத்து வீட்டுத் தம்பி தன் ஹைலக்ஸைக் கொண்டுவந்தார். "அண்ணே, தெர்மோஸ்டாட் மாத்தியாச்சு, தண்ணி பம்ப் மாத்தியாச்சு, இன்னும் மேட்டுல ஏறுது" என்றார். கண்டென்சரின் போல்ட்டுகளைக் கழற்றி, குழாய் மடங்காமல் மெதுவாக முன்னால் சாய்த்தோம். பின்னால் ரேடியேட்டரின் கீழ்ப்பாதி முழுக்கக் காய்ந்த செம்மண். அதில் லாலாங் புல் விதையும் பூச்சி இறகும் சேர்ந்து வறட்டி மாதிரி அப்பியிருந்தது. விரலால் தள்ளியதும் பாளம் பாளமாக விழுந்தது. தம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

கழுவும்போது இஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட வேண்டும், அதுவும் சாதாரணக் குழாய்த் தண்ணீர். ஜெட் பம்ப் வைத்தால் ரேடியேட்டரின் மெல்லிய இதழ்கள் மடங்கிக் காற்றே போகாது. அதே சமயம் வின்ச், ஸ்பாட் லைட், நம்பர் பலகை எல்லாம் சேர்ந்து கிரில்லை எவ்வளவு மறைக்கிறது என்றும் பாருங்கள்.

வெளிப்புறம் சுத்தமென்றால் உட்புறம். இஞ்சின் சூடாக ஓடும்போது ரேடியேட்டர் முகத்தைப் பல இடங்களில் அளந்து பாருங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்துவிட்டன என்று அர்த்தம். வருஷக்கணக்காகப் பைப்புத் தண்ணீரே ஊற்றி ஓட்டிய வண்டியில் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வரும். அந்தத் துருதான் அடைப்பது. கீழ் ஹோஸையும் பிடித்துப் பாருங்கள். உதவியாள் இஞ்சினை 3000 சுற்றுக்கு ஏற்றும்போது ஹோஸ் சப்பினால், பம்ப் உறிஞ்சும் வேகத்துக்கு அது தாங்கவில்லை, மாற்றிவிடுங்கள்.

முள் உச்சியில், மேல் ஹோஸ் மட்டும் சில்லென்று இருக்கிறதா? தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. கழற்றி, சட்டியில் தண்ணீர் விட்டு நூலில் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். என்னுடையதில் 82 என்று பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிக்கும் முன் முழுவதும் திறக்க வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று எடுத்து எறிந்துவிடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அடியில் இரண்டாவது தட்டு உள்ள வகையில், அந்தத் தட்டுதான் குறுக்குவழியை அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் சூட்டுத் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இஞ்சினுக்குத் திரும்பிவிடும்.

ரேடியேட்டர் மூடியை மறந்துவிட வேண்டாம். அது தாங்கும் அழுத்தம் அதில் 0.9 என்றோ 1.1 என்றோ போட்டிருக்கும். 0.9 அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடியில் அது 100-லேயே கொதித்து வெளியே போய்விடும். பதினைந்து வெள்ளி சாமான், சந்தேகம் வந்தால் மாற்றிவிடலாம்.

கடைசியாக ஹெட் கேஸ்கெட். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் மூடியைத் திறந்து, தண்ணீர் விளிம்புவரை ஊற்றி, கிளப்புங்கள். முதலில் நாலைந்து குமிழி வந்து நின்றுவிட்டால் அது தங்கியிருந்த காற்று. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குமிழி விடாமல் வந்தால் இஞ்சினுக்குள் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. கிளப்பிய ஒரு நிமிடத்தில், மூடி போட்ட நிலையில், மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுவதும் அதே அடையாளம். ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். வளைவு அளந்து, பிரஷர் டெஸ்ட் செய்து, விரிசல் இல்லை என்று உறுதியான பிறகே திருப்பி மாட்டச் சொல்லுங்கள்.

மலைப்பாதையில் முள் ஏறினால் ஏர்கோனை நிறுத்தி, ஓரம் கட்டுங்கள். தண்ணீர் கொட்டவில்லை, ஆவி இல்லை என்றால் ஒரு நிமிடம் நியூட்ரலில் ஓடவிடலாம், பம்ப்பும் ஃபேனும் சூட்டை இறக்கும். ஆவி வந்தால், முள் சிவப்பைத் தொட்டால் உடனே நிறுத்துங்கள். முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கிற ஹெட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அங்கேயே விரிசல் விடலாம்.

வேலை முடிந்து கூலன்ட் நிரப்பும்போது முன்சக்கரங்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள், மூடிதான் உயரமான இடமாக இருக்க வேண்டும். மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைப் பிசைந்து விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் இறங்கும், அப்போது இன்னும் கொஞ்சம். மறுநாள் காலையில் குளிர்ந்த பிறகு திறந்து பார்த்தால் மறுபடியும் இறங்கியிருக்கும். ஃபேன் கிளச் மாற்றிய பிறகு என் வண்டிக்கு அப்படி அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. அன்று மாலை பாலத்தில் நாற்பது நிமிடம் நின்றேன், வீட்டுக்கு வந்து அளந்தபோது 88.