பலாலி ஓடுபாதை: படைக் கதையையும் பயணிகள் கதையையும் பிரித்து எழுதுவது எப்படி?

யாழ்ப்பாணத்தின் பலாலி விமானத் தளத்தின் வரலாற்றை எழுத முனைபவர்கள் பெரும்பாலும் ஆண்டைக் கொண்டு வெட்டுகிறார்கள்: இதுவரை படை, இதன் பிறகு பயணிகள் என்று. நானும் அப்படித்தான் ஒரு கொப்பியை வீணாக்கினேன். இரண்டும் ஒரே ஓடுபாதையில் கலந்து ஓடிய காலம் நீண்டது.

1. மூன்று நிரல்கள் வரையுங்கள். காணி யார் கையில், தளத்தை நடத்தியது யார், பறந்தது யார்? ஒவ்வொரு ஆண்டுக்கும் மூன்றையும் தனித்தனியே நிரப்புங்கள்.

2. ஐயமற்ற ஆண்டுகளை முதலில் எழுதுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம் இது. 1947 டிசம்பர் 10 அன்று இலங்கையின் தேசிய விமான நிறுவனமான எயர் சிலோனின் முதல் விமானம், ஒரு டக்கோட்டா, கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராஸுக்குப் பறந்தது. காங்கேசன்துறை என்றதும் துறைமுகம் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பலாலிக்கு அந்தப் பெயரும் வழங்கியது. ‘நூலகம்’ என்னும் இணைய ஆவணகத்தில் பழைய ஈழநாடு நாளிதழ்களைத் தேடும்போது இரண்டு பெயர்களையும் இட்டுப் பாருங்கள்.

3. கலந்த ஆண்டுகளில் பொறுமை வேண்டும். 1998 செப்டம்பர் 29. பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் 602 மன்னார்க் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 55 பேரும் இறந்தனர். காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள், அதாவது பொதுமக்கள் நுழையத் தடையான படைப் பகுதிக்குள். தளம் படையிடம். பறந்தது தனியார் விமானம். இதைப் போர்க் கணக்கில் மட்டும் எழுதினால் பயணிகள் மறைந்துபோவார்கள். பயணிகள் கணக்கில் மட்டும் எழுதினாலோ, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடிக்கிடந்ததால் வான்வழியை நம்ப நேர்ந்தது என்பது விடுபடும். இரண்டு நிறப் பேனாவால் ஒரே வரியில் எழுதுங்கள்.

4. பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். 2019 அக்டோபர் 17இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020இல் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. இவை காட்டுவது மூன்றாம் நிரலின் மாற்றத்தை. முதலிரண்டையும் தனியே சரிபாராமல் அத்துடன் சேர்த்து மாற்றிவிடாதீர்கள்.

5. முதல் நிரலுக்கு ஆட்களிடம் போங்கள். 1990இல் பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த வசாவிளான், மயிலிட்டிக்காரரிடம் காணி உறுதி (உரிமைப் பத்திரம்) இருக்கும். "எயார்போர்ட்டுக்கு எடுத்தது" என்பார்கள். எந்த ஆண்டு, காசு கொடுத்தா, வேலி போட்டா என்று கேளுங்கள். உறுதியைப் படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேட்க மறவாதீர்கள்.