பழைய ராப்டர் பிக்கப்பை வாங்கலாமா?

அமெரிக்காவில் பழைய ஃபோர்டு எஃப்-150 ராப்டரை வாங்க நினைப்பவர், அது எத்தனை மைல் ஓடியது என்பதைவிட எங்கே, எப்படி ஓட்டப்பட்டது என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும். பாலைவன மணலில் வேகமாகப் பாய்வதற்கென்றே உருவான வண்டி என்பதால், பளபளக்கும் பெயின்ட்டை நம்பி முன்பணம் கொடுத்துவிடக் கூடாது.

2010 முதல் 2014 வரை வந்த முதல் தலைமுறை வண்டியானால், கீழே படுத்துப் பின் அச்சுக்கு மேலுள்ள சேஸிஸைப் பாருங்கள். உயரத்திலிருந்து பாய்ந்து இறங்கிய சில வண்டிகளில் அந்த இடம் வளைந்ததுண்டு. கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இல்லையென்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

2017 முதல் 2020 வரையிலானவற்றில் 450 குதிரைத்திறன் கொண்ட 3.5 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின் இருக்கிறது. இரவு முழுதும் நின்று குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஓரிரு நொடிகளில் கடகடவென்று சத்தம் வந்தால் கேம் ஃபேசர் (எஞ்சின் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றும் பாகம்) கெட்டிருக்கக்கூடும், அதை மாற்றுவது டைமிங் செயின் வரை பிரிக்க வேண்டிய செலவு மிகுந்த வேலை. நீங்கள் போவதற்குள் விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

ஃபாக்ஸ் நிறுவனத்தின் ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அவற்றைப் பிரித்துப் புதுப்பிக்கலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே ஏறக்குறைய 86 அங்குல அகலமுள்ள வண்டி என்பதால், விலை பேசப் போகுமுன் உங்கள் கராஜின் வாசலை அளந்துவிடுங்கள்.