வாக்குத்தத்த அட்டை தாயத்தாகிவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில், புது வருஷத்துக்குக் கர்த்தர் தரும் வாக்கு என்று எடுத்த வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருந்தேன். மகனின் பொதுத்தேர்வன்று பர்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டேன். பாதி வழியில் கைகால் நடுங்கியது. அட்டை இல்லாவிட்டால் கர்த்தரும் கூட வரமாட்டாரா?

உங்களுக்கும் அப்படி நடந்தால், வேதாகமத்தில் எண்ணாகமம் 21-ஐயும் 2 இராஜாக்கள் 18:4-ஐயும் அடுத்தடுத்து வாசியுங்கள். வெண்கலச் சர்ப்பம் கர்த்தர் சொல்லி மோசே செய்தது. பாம்பு கடித்தவர்களில் அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பிற்காலத்தில் ஜனங்கள் அதற்கே தூபம் காட்டினார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார். கர்த்தர் கொடுத்ததே விக்கிரகமாகிவிடலாம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பயம்தான்.

அடுத்து, அட்டையை ஒரு வாரம் பீரோவில் வையுங்கள். அதிலுள்ள வசனத்தின் அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். எனக்கு வந்தது எரேமியா 29:11: நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்று கர்த்தர் சொல்லும் வசனம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அவர்கள் ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும் என்கிறது முந்தின வசனமே! நான் கேட்டது மூன்று மணி நேரத் தேர்வுக்கு. அவர்களோ அந்நிய மண்ணில் வீடு கட்டி, தோட்டம் நட்டுக் காத்திருந்தார்கள். விசுவாசம் என்றால் எனக்கு இப்போது அந்தத் தோட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

ஜெபித்துக் கொடுக்கும் ஜெப எண்ணெய்க்கும் இதே சோதனைதான்: அது கையில் இல்லாவிட்டால் நடுங்குகிறோமா? வங்கிக் கணக்குக்கும்தான்: கொலோசெயர் 3:5 பொருளாசையையே விக்கிரகாராதனை என்கிறது.

தயவுசெய்து இதை வைத்து அடுத்த வீட்டுக்காரரின் பூஜையறையையோ கத்தோலிக்கரின் சுரூபத்தையோ அளக்காதீர்கள். சோதனை உங்கள் பர்ஸுக்கு.